நான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம்

அப்பா, என் அப்பா,

உங்கள் முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து பன்னிரண்டு நாளாகிறது. உங்களுடைய நினைவு மலர்ப் புத்தகங்கள் இன்னும் வீட்டு வாசலுக்குள், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், இரண்டு பெட்டிகளில் கிடக்கின்றன. அட்டையில் சாம்பல் நிறக் கோட்டோடு சிரிக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடம் முடித்த அன்று எடுத்த படம். கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்திருக்க வேண்டும். "அச்சகத்திலை சுணங்கிப் போச்சு" என்று எல்லோரிடமும் பொய் சொன்னேன். கோயில் வாசலில் நான் சொன்ன முதல் பொய் அது.

டயரிக்கு வெளியே நான் எழுதியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள் என்பது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் மட்டும் பேசிப் பேசித்தான் இந்த விஷயம் இவ்வளவு அழுகியது.

நம் ஆட்களின் நினைவு மலர்களை நான் சின்ன வயதிலிருந்து கதைப் புத்தகம் போல வாசித்திருக்கிறேன். செபங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். எல்லா மலரிலும் எல்லோரும் புன்னகை மாறாதவர்கள், வந்தாரை வரவேற்றவர்கள். எது விடுபட்டிருக்கிறது என்று தேடுவதுதான் எனக்கு அதில் ருசி. எந்த மகன் இல்லை, எந்தச் சகோதரரின் பெயருக்குப் பக்கத்தில் "அமரர்" என்று மட்டும் இருக்கிறது, எப்படி அமரரானார் என்று ஏன் இல்லை? உங்கள் மலரில் நானே அப்படித் தேடவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசிப் புதன்கிழமை நீங்கள் என்னை அருகில் வரச் சொன்னீர்கள். "என்ர மலரை நீ எழுது. வேற ஆரையும் விடாதை. ரெஜியைச் சரியா எழுது" என்றீர்கள். ரெஜிச் சித்தப்பாவை எனக்குப் படத்தில் மட்டுமே தெரியும். உங்கள் ஒரே தம்பி, நான் பிறக்க முதலே ஊரில் செத்தவர்.

"ஆமி சுட்டது எண்டுதானே, அப்பா?"

"ஆமி இல்லைப் பிள்ளை. எங்கட இயக்கப் பொடியள்."

பிறகு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள். "மற்ற இயக்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டினவன் எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். பள்ளிக்கூட மதிலோடை வைச்சுச் சுட்டவங்கள். வந்து கூப்பிட்டவன் எங்கட வீட்டிலை சாப்பிட்ட பொடியன். அதுதான் இவன் செருப்பைக் கொழுவிக்கொண்டு உடனை போனவன்."

அதன் பிறகு தண்ணீர் கேட்டீர்கள். என் வாழ்நாள் முழுவதும் ஆமி சுட்ட சித்தப்பா, நீங்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் வேறு விதமாகச் செத்துப்போனார்.

நீங்கள் சொன்னதை நான் ஒரே வசனமாக எழுதினேன். இங்கத்தைய தமிழ்ச் சங்கத்தின் அச்சு வேலைகளையெல்லாம் அன்ரன் மாமாதான் பார்க்கிறவர் என்பதால் அவரிடமே கொடுத்தேன். அன்ரன் மாமா, ஜெயம் மாமா, நீங்கள் மூன்று பேரும் ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரே அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தவர்கள். உங்கள் மலர் அவர் கையில் பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன்.

திருப்பலிக்கு முதல் நாள் பின்னேரம் அன்ரன் மாமா பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார், ஜெயம் மாமாவும் இருந்தார். நான்காம் பக்கத்தில், "இலங்கை இராணுவத்தின் குண்டுக்கு இரையானார்" என்று இருந்தது.

"மாமா, நான் இப்பிடி எழுதேல்லையே."

"ஓம் பிள்ளை, ஒரு சின்னத் திருத்தம்." அன்ரன் மாமா வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வைகாசியிலை, கடைசிச் சண்டையிலை, எங்கட சனம் அவ்வளவு செத்திருக்கு. இந்த நேரத்திலை பொடியளைக் காட்டிக்குடுக்கிற மாதிரி ஒரு வசனம் தேவையோ?"

ஜெயம் மாமா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "உனக்கு எப்பவடா நேரம் சரியா இருந்தது? சண்டை நடக்கேக்கை, சண்டை நடக்குது கதைக்காதை எண்டனி. சண்டை நிண்டாப் பேச்சுவார்த்தை நடக்குது, கதைக்காதை. இப்ப எல்லாம் முடிஞ்சுது, செத்தவீடு, கதைக்காதை."

"நீர் எப்பவும் அரசாங்கத்தின்ர வாய்தானே."

"உம்மட வாயிலை இருக்கிற வடையை முதல்லை விழுங்கும்."

அதன் பிறகு உங்களுக்குத் தெரிந்ததுதான். வருடங்களைச் சீட்டுப் போல எறிந்தார்கள். அவர் ஐம்பத்தாறைப் போட்டார், இவர் எண்பத்தாறைப் போட்டார். எழுபத்தேழுக்கு யார் காரணம், எண்பத்து மூன்றுக்குப் பிறகு எது சரி, இந்தியா ஏன் வந்தது, கடைசியில் யார் யாரை விற்றார்கள். ஒருவர் எறிந்த வருடத்தை மற்றவர் எடுத்துப் பார்க்கவேயில்லை. ஜெயம் மாமா என் பேனையைப் பிடுங்கி மலரின் ஓரத்தில் தன்னுடைய வசனத்தை எழுதினார். "கொலைகாரக் கும்பலின் வெறிக்குப் பலியானார், இன்றைய அழிவுக்கும் அவர்களே காரணம்." அதிலும் சித்தப்பா இல்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு ஓடிய பத்தொன்பது வயதுப் பையன் இருவருக்கும் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க அவருடைய சாவு மட்டும் போதுமாயிருந்தது.

சுவரில் உங்கள் படம், அதன் முன்னால் மெழுகுதிரி, அதற்குக் கீழே இந்த இரண்டு பேரின் வாய்கள். எழுந்து போய்க் குளியலறையில் முகம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது அம்மா சமாதானம் செய்துகொண்டிருந்தா. "அசாதாரண சூழ்நிலையிலை இறந்தார் எண்டு போடுங்கோவன். எல்லாரும் அப்பிடித்தானே போடுறவை." அசாதாரண சூழ்நிலை. பனி கொட்டியதால் டிராம் பிந்தியது என்று சொல்வது போல. அந்தச் சொல்லை நம் பத்திரிகைகளில் எத்தனை தரம் வாசித்திருப்பேன்? யாரும் சுடவில்லை, யாரும் சாகவில்லை, சூழ்நிலை மட்டும் வந்து போனது.

அன்ரன் மாமா சப்பாத்துப் போடக் குனிந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "என்னிலை ஏன் பிள்ளை கோவிக்கிறீர்? உம்மட அப்பரே அப்பிடித்தான் சொன்னவர். எனக்கு முன்னாலை இருந்து பாடமாக்கினவர். பைலை எடுத்துப் பாரும்."

நான் ஜெயம் மாமாவைப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் ஓயாமல் கத்தியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை உங்கள் நீல பைலை எடுத்தேன். வீட்டு வாடகை ஒப்பந்தங்களுக்கும் என் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் அது இருந்தது, உங்கள் அகதி விசாரணையின் பதிவு. ஒன்பது பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் கையெழுத்து. அன்று உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராத ஜெர்மனை நான் கோப்பி குடித்தபடி சரளமாக வாசித்தேன்.

உங்கள் சகோதரரைச் சுட்டது யார்? இராணுவம். எப்படித் தெரியும்? சீருடையைக் கண்டேன். எத்தனை பேர்? மூன்று பேர், ஒருவனுக்குப் பெரிய மீசை.

அந்த மீசை எங்கிருந்து வந்தது, அப்பா? அதை யார் சொல்லித் தந்தார்கள்? அல்லது அந்த அலுவலகக் கதிரையில் இருந்தபடி நீங்களாகவே வரைந்தீர்களா?

ஜெயம் மாமாவிடம் போனேன். அவர் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். பிறகுதான் சொன்னார்.

"அந்த நேரம் வக்கீல் சொன்னது ஒண்டுதான். அரசாங்கம் துரத்தினா நீ அகதி. வேற ஆர் துரத்தினாலும் அது உங்கட வீட்டுப் பிரச்சினை. நான் மடையன், இயக்கம்தான் தேடுது எண்டு உள்ளதைச் சொன்னன். நிராகரிச்சுப் போட்டாங்கள். கொப்பர் எனக்குப் பிறகு போனவர். என்னைப் பார்த்திட்டுத்தான் போனவர்."

"அப்பாவிலை கோபம் வரேல்லையோ, மாமா?"

"வராமல்? ஆனா நாடு கடத்தாமல் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு தாள் நீட்டித் தருவாங்கள், டுல்டுங் எண்டு. பதின்மூண்டு வருசம் அதுக்குப் போனன். அவங்கள் வரச்சொல்லுற ஒவ்வொரு டெர்மினுக்கும் துணைக்கு வந்தவன் கொப்பன்தான். உள்ளுக்கை வரமாட்டான். வெளியாலை மர வாங்கிலை இருப்பான். போகேக்கையும் வரேக்கையும் ஒரு கதை இல்லை."

டிப்போவில் டிராம் கழுவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சில வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்பா. "ஒரு அலுவல்" என்பீர்கள். அது இதுதானா?

யார் துரத்தினாலும் அகதிதான் என்று சட்டத்தை இப்போது மாற்றிவிட்டார்கள். ஜெயம் மாமாவுக்கு அது இருபது வருடம் பிந்திவிட்டது. செத்தவனைப் பற்றிக் கேட்காமல், கொன்றவன் எந்தச் சீருடை போட்டிருந்தான் என்று கேட்ட ஒரு மேசை. அதற்கு ஏற்ற சீருடையைத் தைத்துக் கொடுத்த நீங்கள். அதையே இன்னும் உடுத்தி வைத்திருக்கிற அன்ரன் மாமா. இதில் யாரைப் பார்த்து நான் முதலில் முகம் சுளிப்பது? என்னுடைய கடவுச்சீட்டு, என் பள்ளிக்கூடம், பான் பல்கலைக்கழக நூலகத்தில் யன்னலோரம் நான் பிடித்து வைத்திருக்கும் இடம், எல்லாம் அந்த மீசையின் மேல் நிற்கின்றன. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து எழுபது வருடத்துக்குப் பிறகு வீதியோரக் குழிகளைத் தோண்டி, யார் யாரைச் சுட்டார்கள் என்று பார்க்கிறார்களாம். அதை அந்த நூலகத்தில் வாசித்துவிட்டு எவ்வளவு நியாயமாகத் தலையாட்டியிருக்கிறேன் என்று நினைக்க என்னிலேயே வெறுப்பு வருகிறது.

உங்களிலும் வந்தது. மறைக்க விரும்பவில்லை. உங்கள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அம்மா நேராக்கி வைத்தா. நான் மறுபடி திருப்பினேன். இரண்டு நாள் இது நடந்தது.

முதலில் ஜெர்மன்காரனுக்குப் பயந்தீர்கள், தந்ததைத் திருப்பி எடுத்துவிடுவான் என்று. பிறகு நம் ஆட்களுக்குப் பயந்தீர்கள். இரண்டும் எனக்கு விளங்குகிறது. விளங்காதது ஒன்றுதான். செத்த பிறகு பேசுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் உயிரோடு இருக்கிற என்னிடம் ஏன் தந்தீர்கள்?

மூன்றாம் நாள் படத்தை நானே நேராக்கினேன். கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்த வாங்கு, அலுவலகத்துக்கு வெளியே கிடந்த அந்த மர இருக்கை, என் கண்ணை விட்டுப் போகவில்லை. பதின்மூன்று வருடம் பேசாமல் அதில் இருந்த ஒருவர், கடைசியில் மூச்சு முட்ட முட்ட ஐந்தாறு வசனம் பேசியிருக்கிறார். அதை மாற்ற அன்ரன் மாமாவுக்கும் உரிமை இல்லை, ஜெயம் மாமாவுக்கும் இல்லை, உங்களுடைய பழைய வாக்குமூலத்துக்கும் இல்லை.

புத்தகத்தில் பிழை வந்தால் என்ன செய்வார்கள்? ஒரு சின்னத் தாள் அடித்து உள்ளே ஒட்டுவார்கள். நானும் அடித்தேன்.

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தா. "உன்ர பாஸ்போட்டைப் பறிச்சா?"

"தமிழ் வாசிக்கிற ஜெர்மன் அதிகாரி வந்தா, முதல்லை இருத்தித் தேத்தண்ணி குடுப்பம், அம்மா."

அம்மா சிரிக்கவில்லை. "இஞ்ச இருக்கிற சனத்தோடைதான் நான் இருக்க வேணும், பிள்ளை. நீ பானுக்குப் போயிடுவாய்." கொஞ்ச நேரம் கழித்து அம்மா பசைப் போத்தலோடு வந்து மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தா. தாள் கோணாமல் ஒட்டுவதில் என்னைவிட அம்மா கெட்டிக்காரி.

தாளில் இருப்பது இதுதான்:

"நான்காம் பக்கம், ஒன்பதாம் வரி. ரெஜி, எங்கள் வீட்டில் சாப்பிட்ட ஒரு பொடியன் வந்து கூப்பிட, நம்பிப் போய், பள்ளிக்கூட மதிலோரம் தமிழ்ப் பொடியன்களால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று திருத்தி வாசிக்கவும். அவருக்கு வயது பத்தொன்பது. இராணுவம் சுட்டது என்று முதலில் சொன்னவர் அவருடைய அண்ணன். அதைத் திருத்தச் சொன்னவரும் அவரே. இராணுவம் கொன்றவர்களின் சாவு இதனால் ஒருபோதும் சின்னதாகாது."

கோயிலுக்கு வந்த எல்லோருக்கும் நாளை மலர்களைத் தபாலில் சேர்க்கிறேன், அப்பா. இரண்டு பிரதிகளைத் தவிர. ஒன்றை ஜெயம் மாமாவின் குசினி மேசையில் வைப்பேன். இது உங்களுடைய வசனமும் இல்லை மாமா என்று சொல்லித்தான் வைப்பேன். மற்றதை அன்ரன் மாமாவின் கையில் கொடுத்து, அவர் நான்காம் பக்கத்தைத் திறக்கும்வரை வாசலில் நிற்பேன். கதவைச் சாத்தினால் அவர் வீட்டுக்கு முன்னால் டிராம் தரிப்பிடத்தில் ஒரு வாங்கு இருக்கிறது. அதில் இருப்பேன். ஆனால் உங்களைப் போலப் பேசாமல் இருக்கமாட்டேன்.

உங்கள் மகள்,
ரெஜியின் பெறாமகள்