மாமாவின் சத்தம் அடுத்த வீட்டில் கேட்டது

என் சத்தக்கார மாமாவுக்கு,

உங்கள் லேப்டாப்பைத் தூக்கித் தெருவில் எறிந்துவிடலாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் நீங்களே எறிந்திருப்பீர்கள்.

அத்தை சாப்பிடவில்லை மாமா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகிறது. நீங்கள் போய் வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. வலது கை விழுந்துவிட்டது. நல்ல வேளை, பேச்சு போகவில்லை. ஆனால் ஞாபகத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. உங்கள் சாவு அந்தத் துண்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவிய சாப்ட்டாகளா?" என்று கேட்டார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் போன அன்றைக்கு எப்படி அழுதாரோ அப்படியே அழுதார், மாமா. மறுநாள் காலையில் கண் விழித்ததும் மறுபடி, "அவிய சாப்ட்டாகளா?" அந்த அழுகையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. "சாப்ட்டாக அத்த" என்றேன். "சொல்லலையே" என்று வாயை மூடிக்கொண்டார்.

நீங்கள் என்ன பழக்கம் பழக்கி வைத்தீர்கள்? கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிதில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே! நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவி, "ஏட்டி, நான் ஆச்சு. நீ உக்காரு" என்று சத்தம் போட்டால்தான் அத்தை தட்டு எடுப்பார். மில் இரைச்சலில் வேலை பார்த்த தொண்டை உங்களுடையது, தெரு முக்கு வரைக்கும் கேட்கும். நீங்கள் லேட்டானால் அவரும் லேட். நான் எத்தனை தரம் சண்டை போட்டிருப்பேன்? "எங்களுக்குள்ள உள்ளது, ஒனக்கு என்ன?" என்று அத்தை என்னைத்தான் திட்டுவார்.

இப்போது அந்தச் சத்தம் வராமல் அவர் ஒரு வாய்கூட வாங்க மாட்டேன் என்கிறார். தண்ணீர் மட்டும் குடிக்கிறார். நான் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, முன்கூடத்துப் பட்டாசாலையில் நின்று நீங்கள் சொல்வது மாதிரியே சொல்லிப் பார்த்தேன். "நீ எதுக்குட்டி கத்துத?" என்று கேட்டார். டாக்டர் வந்து பார்த்தார். "முழுங்குறதுல கோளாறு இல்லம்மா, அவங்கதான் மாட்டேங்கிறாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். பொறவு மூக்கு வழியாத்தான் குழாய் போடணும்" என்றார். அத்தை மூக்கில் குழாய்! மூக்குத்தியைக்கூடக் கழற்ற விடாதவர்.

உங்கள் மகனுக்கு அங்கே எல்லைப் பனியில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். அன்றைக்குக் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் ராணுவக்காரர் அழுதுவிட்டார். பிறகு அவர்தான் சொன்னார். "செல்வி, லேப்டாப்புல பாரு. நான் லீவுல வந்தா கேக்கணும்னு அப்பா பேசிப் பேசிப் பதிஞ்சு வச்சிருக்காரு. இடையில இடையில அம்மாட்டயும் கத்துவாரு. ஒண்ணுலயாவது இருக்கும்."

பிளஸ் டூவில் உங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத்தான் சொல்கிறார். அவள் கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது விட்டுப்போனது, உங்கள் சொத்தாகிவிட்டது. பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் சொருகினால்தான் உயிர் வருகிறது. அந்த வயர் எட்டுவது பட்டாசாலை சுவர் வரைக்கும்தான். ஆன் பண்ணிவிட்டு உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கிறது. ஆனால் உள்ளே நீங்கள் இருந்தீர்கள் மாமா. வரிசையாக, தேதி போட்டு.

முதல் பதிவைத் தட்டினேன். திரையில் கோடு ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் போய்விட்டது. இயர்போன் சொருகலாம் என்றால் அந்த ஓட்டைக்குள் ஏதோ ஒரு பின் ஒடிந்து கிடக்கிறது. பென்டிரைவில் ஏற்றிப் போனில் போட்டேன், திறக்கவே மாட்டேன் என்றது. நீங்கள் பதிந்த அந்தப் பழைய சாப்ட்வேரில்தான் அது திறக்குமாம். கண்ணுக்கு முன்னால் நீங்கள் பேசுகிறீர்கள், காதுக்கு வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகுதான் தீபாவளிச் சீட்டில் வந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. வயரே வேண்டாம், அத்தை படுத்திருக்கும் அறையிலேயே வைக்கலாம். ஆனால் உங்கள் லேப்டாப்பில் ப்ளூடூத்தே கிடையாது! ராஜபாளையத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. "இம்புட்டுப் பழசுக்கு எங்கக்கா போறது? புதுசு வாங்குங்க" என்று ஒரே பாட்டு. கடைசியில் அடுத்த வீட்டு லட்சுமம்மாவை அத்தைக்குக் காவல் வைத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். நான் பில் போடும் பால்கோவா கடையில் ஏற்கெனவே லீவு சொல்லியிருந்ததால், ஓனர் கண்ணில் படாமல் சுற்றுப்பாதையில் போனேன். கோர்ட்டுப் பக்கம் ஒரு கடையில் இருந்த பெண் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடி, நகம் அளவுக்கு ஒரு டாங்கிளை எடுத்தாள். லேப்டாப்பின் பின்னால் அதைச் சொருகினால் ப்ளூடூத் வந்துவிடுமாம். "மொதல்ல இந்த பென்டிரைவ்ல உள்ளதை ஏத்துங்க. பொறவு இதைச் சொருகுங்க. மாத்திச் செஞ்சா எடுக்காது" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தச் சின்னச் சாமானைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரசம் சாதத்தைக் குழையக் கரைத்துவிட்டு, ஸ்பீக்கரை அத்தையின் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்தப் பெண் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். எடுத்தது! திரையில் ஸ்பீக்கர் பெயர் வந்தது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, அதே பெயர் இரண்டு தடவை. அவசரத்தில் மேலே இருந்ததைத் தட்டினேன். இணைந்துவிட்டது என்று காட்டியது. சத்தத்தை முழுக்க ஏற்றி, உங்கள் மகன் சொன்ன மாதிரி நீங்கள் அத்தையிடம் கத்தும் பதிவைக் கண்டுபிடித்துத் தட்டினேன்.

"ஏட்டி! நான் ஆச்சு. நீ உக்காரு!"

கேட்டது மாமா. தெருவுக்கே கேட்டது. ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் லட்சுமம்மா வீட்டிலிருந்து. கூடவே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம், "அய்யோ தேவுடா!" என்று ஒரு அலறல்.

நம் தெருவில் எல்லாரும் ஒரே சீட்டுத்தானே கட்டினோம்? எல்லார் வீட்டுக்கும் ஒரே ஸ்பீக்கர், ஒரே பெயர். லட்சுமம்மா பாட்டுக் கேட்கலாம் என்று ஸ்பீக்கரை ஆன் பண்ணி வைத்துவிட்டு, போனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைப் போய்ப் பிடித்துவிட்டேன். செத்துப் போன மனுஷர் அடுப்படிக்குள் வந்து 'உக்காரு' என்று அதட்டினால் யார்தான் அலற மாட்டார்கள்?

நான் அத்தையைப் பார்த்தேன். கண் பளிச்சென்று இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் உயிரைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கரண்டியை நீட்டினேன். அத்தை என்ன சொன்னார் தெரியுமா?

"அவிய அங்கயாட்டி சாப்ட்டாக?"

"இல்ல அத்த..."

"என் காதுல விழுந்துச்சு. அடுத்த வீட்டுல போயி நல்லாத் தின்னுட்டு, என்னைய உக்காரச் சொல்லுதாகளோ? எனக்கு ஒண்ணும் வேண்டாம். எடுத்துட்டுப் போ."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை நாளும் காத்திருந்துதான் சாப்பிடாமல் இருந்தார். இப்போது கோபத்தில் சாப்பிட மாட்டார். இது எவ்வளவு மோசம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அத்தையின் கோபத்தில் நீங்கள்தானே நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினீர்கள்.

லட்சுமம்மா ஸ்பீக்கரை வெட்டிவிட்டு நம் ஸ்பீக்கரைச் சேர்த்தேன். இந்தத் தடவை உங்கள் குரல் நம் வீட்டுக்குள்ளேயே, கட்டிலே அதிர்கிற மாதிரி வந்தது. "ஏட்டி! நான் ஆச்சு. நீ உக்காரு!" அத்தை திரும்பவே இல்லை. "எங்க ஆச்சு? அதைச் சொல்லச் சொல்லு" என்றார்.

மறுபடி போட்டேன். "எங்கன்னு கேக்கேன்ல?" என்றார்.

நான் லேப்டாப்புக்கு ஓடினேன். ஒவ்வொரு பதிவாகத் தட்டினேன். மழை பெய்யவில்லை என்கிறீர்கள். தேங்காய் விலை இறங்கிவிட்டது என்கிறீர்கள். முட்டி வலி என்கிறீர்கள். "செல்வி நல்லாப் பாத்துக்கிடுதா, நீ கவலப்படாத" என்று ஒன்றில் உங்கள் மகனிடம் சொல்கிறீர்கள். அதைக் கேட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எம்புட்டுப் பேசியிருக்கிறீர்கள் மாமா! அத்தை கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் இல்லையே. நல்லாப் பார்த்துக்கொள்கிற லட்சணமா இது? டாக்டர் சாயங்காலம் வருவார். நான் என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன்?

அப்போது லட்சுமம்மா உள்ளே வந்தார். கையெல்லாம் குழம்பு, முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"வதினா" என்றார். அத்தையை அவர் தெலுங்கில் அப்படித்தானே மதினி முறை வைத்துக் கூப்பிடுவார்? "எதுக்குக் கோவம்? எங்க வீட்டுச் சோறு அண்ணனுக்கு எறங்குமா? உங்க வீட்டுல கரண்ட் இல்ல. வேர்க்குதுன்னு தூக்குவாளில உங்க வீட்டுச் சோத்தைத்தான் கொண்டாந்தாரு. எங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து சாப்ட்டாரு. அம்புட்டுத்தான்."

அத்தை சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்க வீட்டு ரசமா?"

"உங்க வீட்டு ரசம்தான் வதினா."

"உப்பு?"

"சரியா இருந்துச்சுன்னாரு. மிச்சம் வைக்கலயே."

அத்தை மெல்லத் திரும்பினார். என்னை ஒரு முறை முறைத்தார். "கரண்ட் போனா எங்கிட்ட சொல்ல மாட்டியாட்டி?" என்றார். பிறகு வாயைத் திறந்தார்.

மாமா, அவர் வாயைத் திறந்தார்! ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தேன். பாதியைக் கடைவாயில் ஒழுக விட்டார், பாதி உள்ளே போனது. லட்சுமம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கிண்ணம் காலியாகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம்.

லட்சுமம்மா தன் போனில் உங்கள் சத்தத்தைப் பிடித்து எனக்கும் அனுப்பிவிட்டுப் போனார். லேப்டாப் சூடேறி அணைந்து கிடக்கிறது. இனி எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி. சாயங்காலம் டாக்டரிடம் காலிக் கிண்ணத்தைக் காட்டுவேன். ராத்திரிக்குச் சாப்பிடுவாரா, நாளைக்குச் சாப்பிடுவாரா, தெரியாது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பொய் தேட வேண்டும்.

வாய் துடைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்தபோது அத்தை என் கையைப் பிடித்தார். இடது கையால்தான், ஆனால் இறுக்கமாக.

"அவியட்ட போயிச் சொல்லு. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. வெயிலு தாழட்டும், வரச் சொல்லு."

"சொல்லுதேன் அத்த" என்றேன்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நின்றேன். யாரிடம் போய்ச் சொல்வது? அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அத்தைக்குக் கோபம் இல்லை மாமா. சொல்லிவிட்டேன்.

ஆனால் நீங்கள் வராதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வந்து கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்கள் மகன் லீவில் வந்து அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டட்டும், அதுவரைக்குமாவது பொறுங்கள். 'ஏன் இன்னும் காணோம்' என்று அத்தை கேட்டால் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். வேளை தவறாமல் ஊட்டுவேன். இது சத்தியம்.

அத்தைக்குப் பொய்யும் உங்களுக்கு உண்மையும் சொல்லிக்கொண்டிருக்கும்,
உங்கள் மருமகள்
செல்வி