போடட்டுமா என்று கேட்கும் தெரு

அன்புக்குரிய வேட்டு மாமாவுக்கு,

ஊருக்கு நீங்கள் சுடலைமுத்து அண்ணாச்சி. அந்தப் பெயரில் நான் எழுதினால் யாருக்கோ வந்த கடிதம் என்று திருப்பி வைத்துவிடுவீர்கள். சேரன்மகாதேவிக்கு வெளியே, எங்கள் அகதி முகாமுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த நீங்கள், தீபாவளி மாதம் வந்தால் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு வேட்டு விற்பீர்கள். அதனால் முகாம் பிள்ளைகளுக்கு நீங்கள் எப்போதும் வேட்டு மாமாதான்.

நீங்கள் இல்லாத முதல் தீபாவளி முடிந்துவிட்டது. மழை நல்லபடியாக ஏமாற்றியது. காலையில் கொட்டித் தீர்த்துவிட்டு, சாயங்காலம் வேட்டு போட வழிவிட்டுப் போய்விட்டது. அத்தை சுகம். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், அதை டிவி மேசையின் கிரீச் சத்தத்துக்குத் தடவியிருக்கிறார்கள். கேட்டால், "அதுக்குல்லா மொதல்ல சரியாச்சு" என்கிறார்கள்.

உங்களிடம் சொல்ல வேறொரு சேதி இருக்கிறது. அதைச் சொல்லுமுன் பழசைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எந்தக் கதையையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுகிற ஆள்தானே நீங்கள்?

போரின் கடைசி வருடங்களில், அம்மாவும் நானும் தம்பி கஜனும் வன்னியிலிருந்து படகில் வந்தோம். அப்பா வரவில்லை. பதுங்கு குழிக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எனக்கு ஒன்பது வயது. கஜனுக்கு ஐந்து. முகாமில் எங்களைப் போலவே வந்த பிள்ளைகள் நிறைய. எல்லோரும் பள்ளிக்கூடம் போனோம், விளையாடினோம், சண்டை போட்டோம். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தீபாவளி நெருங்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தோம். யாரோ ஒருவர் சரக்கு நமுத்துப் போயிருக்குமோ என்று கேட்டிருக்கிறார். நீங்கள் ஒரு அணுகுண்டு வெடியை எடுத்துச் சாலையோரம் வைத்துக் கொளுத்திக் காட்டினீர்கள். அவ்வளவுதான். முகாம் பிள்ளைகள் அத்தனை பேரும் தரையில் விழுந்துவிட்டோம். நான் கஜனைப் பிடித்து வாய்க்கால் சரிவில் தள்ளி, அவன்மேல் படுத்துக்கொண்டேன். புத்தகப்பை தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. எடுக்கக் கை நீளவில்லை.

கடையில் நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டியோடு சேற்றில் இறங்கி வந்தீர்கள்.

"ஏட்டி, எந்திரி. ஒண்ணுமில்ல. வேட்டுதான் போட்டேன்."

"எழும்ப மாட்டன். இன்னும் ஒண்டு வரும். நீங்களும் படுங்கோ மாமா" என்றேன்.

மாமா, அந்த நொடியை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் என்னைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். பயப்படாதே என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் படுத்தீர்கள். அவ்வளவு பெரிய உடம்பை வாய்க்கால் கரையில் கிடத்திவிட்டு, "படுத்துட்டேன். இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டீர்கள்.

"வாயைத் திறந்து வைச்சிருங்கோ. இல்லாட்டிக் காது போயிடும்."

"சரி, தொறந்துட்டேன்."

சாலையில் நின்ற ஒருவர், "வே அண்ணாச்சி, என்ன வே வாயப் பொளந்துக்கிட்டு வாய்க்கால்ல கெடக்கீரு?" என்றார். நீங்கள் வாயை மூடாமலே ஏதோ திட்டினீர்கள். என்ன வார்த்தை என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்குக் கீழே கிடந்த கஜன் சிரித்தான். அவன் சிரித்ததும்தான் நான் எழுந்தேன். அப்புறம் உங்களைத் தூக்கிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அன்று சாயங்காலமே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு முகாமுக்கு வந்தீர்கள். "புது இடம்லா, போகப் போகப் பழகிரும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "பழகாத சத்தம் எண்டால் பயம் வராது அண்ணை. பிள்ளையளுக்கு இது நல்லாப் பழகின சத்தம்."

மறுநாள் காலையில் சத்தம் போடுகிற சரக்கையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றித் திசையன்விளையில் இருந்த உங்கள் மைத்துனர் கடைக்கு அனுப்பிவிட்டீர்கள். கொட்டகையில் கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும்தான் மிச்சம். அத்தை இடுப்பில் கைவைத்து நின்று கேட்டது முகாம்வரை கேட்டது: "வேட்டுக் கடையில வேட்டு இல்லைன்னா பொறவு என்னத்த விக்கப் போறிய? பொரிகடலையா?"

ஆனால் உங்கள் கடையில் இல்லையென்றால் ஊரில் வேறு கடை இல்லையா? அதனால் வீடு வீடாகப் போனீர்கள். வேட்டே போடக்கூடாது என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. "போடுததுக்கு முன்னால ஒரு சத்தம் குடுங்க. 'போடட்டுமா'ன்னு கேளுங்க. புள்ளைய 'போடு'ன்னு சொன்னா போடுங்க. 'வேண்டாம்'னா செத்த பொறுங்க. அவ்வளவுதான்." இதை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வாய்க்கால்ல படுத்துக் கெடக்கும்போது அடுத்து எப்ப வெடிக்கும்னு தெரியாமக் கெடந்தேன் பாத்தியா, அது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுட்டி" என்றீர்கள்.

எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முனை வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த முதல் வருடம். "எம் மருமவனுக்குத் தலைதீவாளி வே. ஒரு பொடிப்புள்ள சரின்னு சொன்னாத்தான் அவரு வேட்டு போடணுமா? நல்லா இருக்கு ஒம்ம நியாயம்." நீங்கள் அவரோடு வாதாடவில்லை. புது மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினீர்கள்.

தீபாவளியன்று நாங்கள் முகாம் வாசலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் வந்தவர் அந்த மாப்பிள்ளைதான். பட்டு வேட்டி, கையில் ஊதுபத்தி. என்னைப் பார்த்து, "போடட்டுமா பாப்பா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் ஊதுபத்தியைக் கீழே இறக்கிக்கொண்டார். வளர்ந்த ஆண் ஒருவர், நான் வேண்டாம் என்றதும் நின்றுவிட்டார். எங்கள் வாழ்க்கையில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டு எந்தச் சத்தமும் வந்ததில்லை. எனக்கு அது விளையாட்டாகிவிட்டது. அடுத்தும் வேண்டாம். அதற்கடுத்தும் வேண்டாம். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தெருப் பையன்கள் உங்களிடம் ஓடிவந்து முறையிட்டார்கள்: "அண்ணாச்சி, இவ்வோ வேண்டாம் வேண்டாம்னே சொல்லுதாவ."

"அப்போ வேண்டாம்லே. போய் மத்தாப்பு கொளுத்து."

புது மாப்பிள்ளை மட்டும் பொறுமையாக எங்கள் வாசலுக்கும் அவர் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பட்டு வேட்டியின் கரையெல்லாம் சகதி. கடைசியில் கஜன்தான் இரக்கப்பட்டான். "ஒண்டே ஒண்டு போடுங்கோ" என்றான். வெடித்தது. நான் கண்ணை மூடினேன், காதைப் பொத்தினேன். ஆனால் கீழே விழவில்லை. கண்ணைத் திறந்தபோது புகைக்கு நடுவே நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்து நின்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அந்த வழக்கம் நின்றுபோகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கோயில் கொடை விழாவுக்குக்கூட வேட்டுக்காரர் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் திரி கிள்ளினார். நாங்கள் வளர்ந்த பிறகும், பயம் போன பிறகும் கேட்டார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகள் அது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சித்திரையில் உங்களை எடுத்த அன்று, பாடைத்தேர் கட்டி எல்லாம் தயாரான பிறகு, உங்கள் மகன் குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். கஜன் இப்போது உங்களைவிட உயரம். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றிருந்தோம். குமார் எங்கள் முகத்தைப் பார்த்து, "அப்பாவ எடுக்கப் போறோம். வேட்டுக்காரன் வந்து நிக்கான். போடட்டுமா?" என்றார்.

கஜன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தான். "போடுங்க. நல்லா சத்தமாப் போடுங்க" என்றான். ஆற்றங்கரைவரை வெடித்துக்கொண்டே போனோம். அந்தச் சத்தத்துக்குள் நான் வாய்விட்டு அழுதது யாருக்கும் கேட்கவில்லை. உங்களுக்காக மட்டும் அழுதேன் மாமா. அதில் பயம் ஒரு துளிகூட இல்லை.

இனி சேதிக்கு வருகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூட விடுதியில் செவிலியாக இருப்பது தெரியும். இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது இந்தியாவின் வடகிழக்கு மலையிலிருந்து அக்காளும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். எஸ்தர், ரூத். துப்பாக்கியோடு வந்தவர்கள் அவர்கள் ஊரை எரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் அங்கே ஒரு நிவாரண முகாமில் இருக்கிறார்கள். எஸ்தர் புத்தகத் தமிழ் பேசுவாள். ரூத்துக்கு ஏழு வயது. சமையற்கட்டில் வேலைபார்க்கும் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே தமிழ் படித்தவள். அதனால் வார்டனையே, "என்ன, சாப்ட்டாச்சா? மொகம் வாடிக் கெடக்கு?" என்று விசாரிப்பாள்.

தீபாவளி விடுமுறைக்கு எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்குப் போக வீடு இல்லை. நானும் அவர்களோடு தங்கிவிட்டேன். பண்டிகைக்கு முந்தைய நாள் மதியம் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி. எஸ்தர் கதவருகே மரமாக நின்றாள். ரூத்தைக் காணோம். மருத்துவ அறைக் கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில் சுருண்டு கிடந்தாள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். பாதிதான் நுழைய முடிந்தது. வார்டன் வந்து பார்த்தபோது என் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். அங்கே கிடந்தபடியே உங்கள் கதையைச் சொன்னேன். ரூத்துக்கு எவ்வளவு புரிந்ததோ. வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த பெரிய மனுஷரை மட்டும் நன்றாகவே புரிந்துகொண்டாள். செய்து காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிறகு தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியம்தாம்மா. ஆனா தெருப் பூரா யாரு சொல்லி யாரு கேப்பா?" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்தே, "மொதல்ல நம்ம வீட்ல கேளுங்க, பொறவு தெருவப் பாப்போம்" என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் அவருடைய பேரன் பிரவீன் மதில்மேல் ஏறி உட்கார்ந்து, தெருவில் யார் திரி கொளுத்தப் போனாலும், "ரூத்து, போடட்டுமா?" என்று கத்தினான்.

ரூத் இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "இப்போ வேண்டாம்ய்யா. பொறவு பாப்போம்" என்றாள். தெருவே சிரித்தது. அவளும் என்னைப் போலத்தான் மாமா. இருட்டும்வரை ஒருவரையும் விடவில்லை. எஸ்தர்தான் முதலில் போடு என்றாள். ரூத் என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்தாள்.

பண்டிகை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அம்மாவிடமிருந்து செல்பேசியில் அழைப்பு வந்தது. முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரவீனிடம் மிச்ச வேட்டு கொஞ்சம் இருந்திருக்கிறது. மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. "ரூத்து, போடட்டுமா?" ரூத் பேச்சு மும்முரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போடு" என்றாள்.

வெடித்தது. திரையில் அந்த அம்மாவைக் காணோம். நீலத் தார்ப்பாய் மட்டும் தெரிந்தது. தரையில் குனிந்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ரூத் செல்பேசியை இரண்டு கையாலும் பிடித்து, தன் மொழியில் ஏதோ பைய, நிதானமாகச் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"அம்மா, எழுந்திரு. நான் சொன்ன பிறகுதான் அவன் போட்டான் என்று சொல்கிறாள், அக்கா."

திரையில் முதலில் முடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு அந்த அம்மாவின் முகம் முழுதாக வந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள், மாமா. பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்கப் பள்ளிக்கூடத்தில் ஏற்பாடாகிவிட்டது. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் என்றால் வேட்டுக்குக் குறைவிருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இரண்டு தெரு தள்ளியும் வீடு வீடாகப் போகப்போகிறேன். திருநெல்வேலி ஜங்ஷனில் அந்த அம்மா ரயிலைவிட்டு இறங்கும்போது பிள்ளைகளோடு நான் நிற்பேன். இந்த ஊரில் இருக்கிறவரை அவர்களைக் கேட்காமல் எந்தச் சத்தமும் அவர்கள்மேல் விழாமல் பார்த்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கொடுப்பினையால் கிடைத்த உங்கள் மருமகள்,
வதனி