வால் முளைக்காத அணுக்கள்

ஜனவரி 9
மூன்று குட்டிகள்! நூற்று அறுபது எலி முட்டைகளில், வால் முளைக்காத, பாதி வளர்ந்த விந்தணுக்களை ஒவ்வொன்றாக ஊசியால் செலுத்தினேன். தங்கிப் பிறந்தவை மூன்றுதான். சுண்டுவிரல் நுனியளவில் நெளிகின்றன. தலைமை டாக்டர் மாடி ஏறி வந்து பார்த்தார். மேல்தளத்தில் எங்கள் எலிகள், கீழ்த்தளத்தில் அவருடைய கருத்தரிப்பு மருத்துவமனை. "ராசியான கை உனக்கும்மா."

ஜனவரி 12
என் வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான். அவனுக்கும் அணுக்கள் முதிர்வதே இல்லை. ஆறு வருடமாக ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை.
"எலிக்கு நடந்தது எனக்கு நடக்காதா?"

பிப்ரவரி 8
ஒரு குட்டி தலையைச் சாய்த்துக்கொண்டு கூண்டுக்குள் வட்டமடிக்கிறது. பிடித்து நிறுத்தினால் மறுபடியும். டாக்டரிடம் சொன்னேன். "தாய் மிதிச்சிருக்கும். இதையெல்லாம் பதிவுல ஏத்தாத."
ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை?

பிப்ரவரி 21
இன்னொன்றும். இரண்டையுமா தாய் மிதித்திருக்கும்?

மார்ச் 2
டாக்டரின் மேசையில், எலிக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய ஒப்புதல் படிவம். அதில் அண்ணன், அண்ணி கையெழுத்து. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! நேரே அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னான்.
"உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, நீ பேசுவ. மூணாவது நல்லாத்தான இருக்கு? எனக்கு அந்த ஒண்ணு போதும்."
அண்ணி வாசல்வரை கூட வந்தாள். "நீ செய்யலேன்னா வேற யாராவது செய்வாங்க. கை நடுங்குறவங்க யாராவது."


மார்ச் 19
அண்ணியின் முட்டைகளில் நானே செய்துவிட்டேன். கை நடுங்கவில்லை.

ஏப்ரல் 4
அண்ணிக்குத் தங்கிவிட்டது. அண்ணன் போனில் அழுதான்.

ஏப்ரல் 30
மூன்றாவது எலி — நன்றாகத்தானே இருந்தது — இன்று காலை தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.
டாக்டர் ஊரில் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிக்கு விடாத வாந்தி. முகம் கழுவிக்கொண்டு வந்து சிரித்தாள். "இதுகூட நல்லாத்தான் இருக்கு."
தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜூன் 11
பதினான்காவது வார ஸ்கேன். என்னையும் கூட்டிப் போனார்கள். "எப்படித் துடிக்குது பாரு, பாரு!" என்று அண்ணன் என் தோளைக் குலுக்கினான். டாக்டர்கூட இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.
படுத்திருந்த அண்ணி திரைப் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.