கண்ணாடியில் விழுந்த இரும்பு

1898 செப்டம்பர் 12, திங்கள்

இல்லை, யாரும் துரத்தவில்லை. நானாகத்தான் விட்டேன். பள்ளிக்கூடத்தையும் நானாகத்தான் விட்டேன், மதுரை போட்டோ ஸ்டூடியோ வேலையையும் நானாகத்தான் விட்டேன். இன்று மாதா கோயில் வாசலில் சாமியார் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு எடத்துல நிக்கவே மாட்டியாப்பா பிலவேந்திரா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இந்த வேலையில் பதினொரு வாரம் நின்றாயிற்று. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டாக்டர் வெள்ளைக்காரத் துரை, வடக்கே எல்லைச் சண்டையில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த கருவியைச் சின்னமனூரில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியில் வைத்துக்கொண்டு, மலைமேல் காப்பித் தோட்டத்து ஆட்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வைத்தியம் பார்க்கிறார். திராவக ஜாடிகள், கம்பிச் சுருள், காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழல். ஓட விட்டால் குழல் பச்சையாக எரியும். அதற்குக் கீழே கையை வைத்தால், கைக்கு அடியில் இருக்கும் கண்ணாடித் தகட்டில் எலும்பு விழும். இந்தப் பக்கத்தில் தகடு கழுவத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் பேசும் இங்கிலீஷும் எனக்குப் புரியும். படித்ததில் உருப்பட்டது அது ஒன்று.

ஊரில் என் பெயர் எலும்புப் பெட்டிக்காரன்.

செப்டம்பர் 14, புதன்

காலையில் தங்கபாண்டி என்பவனைக் கட்டிலோடு தூக்கி வந்து இறக்கினார்கள். குச்சனூர்ப் பக்கத்தில் பயிர் வைக்கிற சம்சாரி. முந்தாநாள் மேகமலைச் சரிவில் காப்பித் தோட்டத்து எல்லையில் தேனெடுக்கப் போயிருக்கிறான். யாரோ சுட்டுவிட்டார்கள். இடது தொடையில் ஓட்டை. உள்ளே போனது வெளியே வரவில்லை. தொடை வீங்கிப் பளபளவென்று நிற்கிறது. உள்ளே கிடப்பதை இரண்டு மூன்று நாளில் எடுக்காவிட்டால் காலை எடுக்க வேண்டும், அதற்கும் தாமதித்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். அவன் பெண்டாட்டி அக்கம்மாளுக்கு நான் முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன்.

யாரோ என்று எழுதிவிட்டேன். தங்கபாண்டி யாரோ என்று சொல்லவில்லை. "காவக்கார ஞானதுரதான். துப்பாக்கியோட நின்னத கண்ணால பாத்தேன்" என்கிறான்.

ஞானதுரை என் அண்ணன்.

அண்ணனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். "நான் யானைய வெரட்ட வானத்தப் பாத்துச் சுட்டேன்டா. எவனோ நாட்டுத் துப்பாக்கிக்காரன் பன்னிக்கு வச்சது அவன் மேல பட்டுருச்சு" என்றான். இன்ஸ்பெக்டர் சுருக்கமாகப் பேசுகிற மனுஷன். தோட்டத்துத் துப்பாக்கிக்கு ஈயக் குண்டு, உருண்டை. நாட்டுத் துப்பாக்கியில் கிடைத்த இரும்பைப் போட்டுக் கெட்டிப்பார்கள். தொடைக்குள் ஈயமா இரும்பா என்று தெரிந்தால் போதும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

வீட்டில் ஆத்தாவும் என்னைத்தான் பார்த்தாள்.

"ஏலே, அது கண்ணாடிதானலே? கை நழுவுனா ஒடையாதா?"

"ஒடையும்."

"அப்பறம் என்ன?"

"அப்பறம் அந்தாளு காலு போகும்த்தா. ஆளே போனாலும் போகும்."

"ஒன் அண்ணன் போனா?"

மதினி மதலேனாள் அடுப்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

செப்டம்பர் 15, வியாழன்

நல்ல தகடு மூன்றுதான் இருக்கிறது. மற்றவை அம்மையநாயக்கனூர் ரயில் ஸ்டேஷனுக்கு வந்து கிடக்கின்றன, வண்டி போய்த்தான் எடுத்து வர வேண்டும்.

படம் எடுப்பதற்கு முன்னால் மேலே கிடக்கும் உலோகத்தை எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாண், வெள்ளிக் காப்பு, கால் மெட்டி வரைக்கும் நானே கழற்றினேன். அக்கம்மாள் கையில் ஒரு கறுப்புத் துணி முடிச்சு இருந்தது. குச்சனூர்க் கோயிலில் வைத்து வாங்கி வந்ததாம். அவனுக்கு ஏழரை நடக்கிறதாம், தொடையில் கட்ட வேண்டுமாம்.

"யக்கா, சனி பகவான் வந்து குண்ட எடுத்துருவாரோ? பின்ன டாக்டர் எதுக்கு, மாட்டுக்கு லாடம் கட்டவா?" என்றேன். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முடிச்சை மடியில் செருகிக்கொண்டாள். நான் தகடு எடுக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து, "வேற இரும்பு கிரும்பு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். "இல்ல தம்பி" என்றாள்.

காயத்துக் கட்டைப் பிரித்தால் ரத்தம் பீறிடும் என்று டாக்டர் கட்டோடே எடுக்கச் சொன்னார். பட்டப்பகலில் சன்னலெல்லாம் கம்பளி தொங்க விட்டு, காயத்துக்கு நேர் கீழே தகட்டை வைத்தோம். பன்னிரண்டு நிமிஷம். சுருள் படபடவென்று பொரிந்தது. தங்கபாண்டி ஆடாமல் கிடந்தான். பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சிவப்பு விளக்கில் தகட்டைக் கழுவும்போது ஆத்தா சொன்னது ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் பொய். தொட்டியிலிருந்து தூக்கும்போது விரல் வழுக்கியது. வேண்டும் என்றா, தானாகவா? எனக்கே தெரியவில்லை. ஆனால் பிடித்துவிட்டேன்.

தசை கறுத்தது. எலும்பு வெளுத்து நின்றது. அதன் பக்கத்தில் வெறும் கண்ணாடியாக ஒரு துண்டு, விரல் கணு நீளம், முனை முறிந்து, ஒரு பக்கம் வளைந்து. உருண்டை இல்லை! எப்படித் திருப்பிப் பார்த்தாலும் உருண்டை இல்லை!

டாக்டர் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரும்பு என்றார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மயக்க மருந்து மலை மேலே பங்களாவில் இருக்கிறது. ஆள் போயிருக்கிறது. சனிக்கிழமை காலையில் அறுப்பு.

செப்டம்பர் 16, வெள்ளி

காலையில் அண்ணனை விட்டுவிட்டார்கள். ஆத்தா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தகடு கழுவிக் கறை பிடித்த கை. வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல் கோழி அடிக்கக் கிளம்பினாள், மதினிதான் தடுத்தாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நெசமா வானத்தப் பாத்துத்தான் சுட்டியா?"

"இரும்புதானடா வந்துச்சு? பின்ன என்ன கேக்குற?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு சின்னமனூருக்கு நடந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கம்மாள் என்னிடம் வந்தாள். திட்டுவாளோ என்று நினைத்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"தம்பி, நாளைக்கு அறுக்கும்போது அந்த முடிச்சத் தூக்கி எறிஞ்சுருவாகளா? சனிக்கிழம அத அவுத்து ஆத்துல விடணும்னு சொல்லிவிட்டாக. நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுத்துருங்க."

"எந்த முடிச்சு?"

"கோவிச்சுக்காதீக. நீங்க உள்ள போனீகள்ல, அப்பக் கட்டுக்கு அடியில செருகிட்டேன். நீங்க வஞ்சீகளேன்னு சொல்லாம விட்டேன்."

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"எள்ளு. அப்பறம் லாடத் துண்டு ஒண்ணு. சனிக்கு இரும்புதான தம்பி."

கட்டுக்குள் விரலை விட்டுத் தடவினேன். விரல் கணு நீளம். ஒரு பக்கம் வளைவு.

எழுத முடியல. என் வாய்தான். நான் பரிகாசம் பண்ணாம இருந்திருந்தா அவ கையில வச்சுக்கிட்டு நின்னுருப்பா. இப்ப என்ன பண்றது? குண்டு எங்கயோ கெடக்கு, நாளைக்கு அங்கன இல்லாத இரும்பத் தேடி அறுக்கப் போறாக. அந்தாளு செத்துருவான். சொன்னா அண்ணன் போவான். இதக் கோத்துப் பாக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். அவளுக்குக்கூடத் தெரியாது.

செப்டம்பர் 17, சனி

விடிந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

அதே நாள், சாயங்காலம்

சொல்லிவிட்டேன். மயக்க மருந்துச் சீசாவைத் திறந்துவிட்டார்கள், துணியை மடித்துவிட்டார்கள், அப்போதுதான் வாய் வந்தது. டாக்டர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரமாகத் தெரியும் என்று மட்டும் கேட்டார். நேற்றிலிருந்து என்றேன். அப்புறம், இரண்டாவது தகடு, சீக்கிரம் என்றார்.

கட்டைப் பிரித்து முடிச்சை எடுத்து அக்கம்மாள் கையில் கொடுத்தேன். முதல் தகட்டில் வேறு குண்டு இல்லாததால், தகட்டை இந்தத் தடவை மேலே தள்ளி, இடுப்புப் பக்கமாக வைக்கச் சொன்னார். கழுவினேன். இடுப்பு மூட்டுக்கு ஒரு சாண் கீழே, எலும்பை ஒட்டி, வட்டமாக வெளுத்து நின்றது. பாத்திரத்தில் அலசி அலசிப் பார்த்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் டாக்டர் அதை வெளியே எடுத்துவிட்டார். சுண்டைக்காய் அளவு ஈயம். இன்ஸ்பெக்டர் முன்பே கொண்டுவந்து வைத்திருந்த தோட்டத்துக் குண்டு அச்சில் வைத்தால் பொருந்தும், வைத்தும் பார்த்தார்கள். சீழ் வடிந்தது. கால் தப்பும் என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு ஆள் போய்விட்டது. நான் டாக்டரிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு முன்னால் ஓடினேன், அண்ணனிடம் நானே சொல்ல வேண்டும் என்று. அண்ணன் வேலி கட்டிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு அரிவாளைக் கீழே வைத்தான்.

"பொதருக்குள்ள அசைஞ்சுச்சுடா. பன்னின்னு நெனச்சேன்."

"கத்துனது பன்னி மாதிரியா இருந்துச்சு?"

குனிந்து வேலி முள்ளைச் சரிபண்ணத் தொடங்கினான். போய்ப் பார்த்திருந்தால் அவனே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். பார்க்காமல் இறங்கி வந்துவிட்டான். வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

செப்டம்பர் 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனேன். ஆத்தா என் சாப்பாட்டு வட்டிலைக் கவிழ்த்து வைத்திருந்தாள். திரும்பிக் கிட்டங்கிக்கே வந்துவிட்டேன்.

நவம்பர் 29, செவ்வாய்

பெரியகுளம் கோர்ட்டில் இரண்டு தகட்டையும் மேசை மேல் வைத்தார்கள். மாஜிஸ்திரேட் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கவனமாகப் பார்த்தார். அண்ணன் பக்கத்து வக்கீல் என்னைக் கேட்டார்.

"முதல் தகடு தப்பு என்கிறீர். இரண்டாவது மட்டும் எப்படிச் சரி?"

"மொதத் தகடும் தப்பு இல்லைங்க. வச்சதத்தான் காட்டுச்சு. பாத்த நாங்கதான் தப்பு. அந்தம்மாவைப் பரிகாசம் பண்ணி மறைக்க வச்சது நான்."

"கைதி உமக்கு யார்?"

"கூடப் பொறந்த அண்ணன்."

எழுதிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

கவனக்குறைவாகச் சுட்டதற்கும், அடிபட்டவனைப் போட்டுவிட்டு வந்ததற்கும் சேர்த்து ஒன்பது மாதம். தங்கபாண்டி கம்பு ஊன்றி வந்து சாட்சி சொன்னான். மதினி மரத்தடியில் நின்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியில் ஏற்றும்போது அண்ணன் என்னைத் தேடிப் பார்த்தான். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன்.

"சாப்ட்டியாடா?" என்றான்.

இல்லை என்று சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

1899 ஜனவரி 2, திங்கள்

வருஷப் பிறப்புக்கும் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

கம்பவுண்டர் ஜாடிகளுக்குத் திராவகம் ஊற்றிக்கொண்டிருக்கிறார். முடிகிற வரைக்கும் எழுதுகிறேன்.

சற்று முன் வாசலில் கூண்டு வண்டி வந்து நின்றது. மதினி இறங்கினாள், தோளில் பிள்ளை. பின்னால் ஆத்தா. மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட்டு மதினி முகம் கழுவியிருக்கிறாள், அதற்குள் பிள்ளை திருகாணியை வாயில் போட்டுவிட்டது. மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வருகிறது. நாட்டு வைத்தியரிடம் போனார்களாம், வாழைப்பழத்தைத் திணித்துத் தள்ளி விடச் சொன்னாராம். மதினி கேட்கவில்லை. வண்டியைப் பூட்டச் சொல்லி நேரே இங்கே வந்துவிட்டாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"தொண்டையிலயா நெஞ்சுலயான்னு பாத்துச் சொல்லு. உள்ளத உள்ளபடி சொல்லு."

"சொல்றேன் மதினி."

"தெரியும். அதுக்குத்தான் இங்கன வந்தேன்."

ஆத்தா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பிள்ளையை அவன் கையில் கொடு என்று மதினியிடம் சொன்னது அவள்தான்.

கம்பளி தொங்க விட்டாயிற்று. பிள்ளை அசையாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், நான்தான் பிடிக்கப் போகிறேன். டாக்டர் கூப்பிடுகிறார். போக வேண்டும்