போகாத கச்சேரிக்குப் போட்ட திட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் குறையில்லை. போன் என்று ஒன்று இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் ஒரு விஷயம் பேச முடியுமா? நான் ஹலோ சொல்வதற்குள் உன் அம்மா பக்கத்தில் வந்து காதை நீட்டுகிறாள், உன் தம்பியின் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பதோ வெறும் பலகைத் தடுப்பு, நான் தும்மினால் அங்கிருந்து நூறு வயசு என்று குரல் வரும். அதனால் அம்மா டாக்டரிடம் கண்ணைக் காட்டப் போயிருக்கிற நேரமாகவும் அவன் கடையில் இருக்கிற நேரமாகவும் பார்த்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், காலமெல்லாம் பஸ் ஓட்டின கை, ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த அளவுக்குப் பேனா பிடிக்கத் தெரியாது, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் வீட்டுச் சேதி சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிக்குத் துணி காயப்போடப் போகாதே என்றால் கேட்பதில்லை, நான் போட்டால் சுருக்கம் விழும்படி போடுகிறேனாம். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஆள் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கழற்றி மாட்டினேன், முன்பு சொட்டியது, இப்போது ஓடுகிறது, அதைச் சொல்லிச் சொல்லியே உன் அம்மா என் மானத்தை வாங்குகிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார். சும்மா விசாரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போன மாதம் ஒரு நாள் அவர் மகள் போனைக் கொண்டுவந்து, அக்கா எவ்வளவு அழகா இருக்காங்க பாருங்க மாமா என்று ஒரு படத்தைக் காட்டினாள். நீயும் மாப்பிள்ளையும் உன் ஆபீஸ் சிநேகிதர்களும் நிற்கிறீர்கள், உன் பனியனில் உனக்கும் உன் தம்பிக்கும் உயிரான அந்தத் தாடிக்காரப் பாடகரின் முகம், பின்னால் பெரிய மேடை, ஆயிரம் விளக்கு. எனக்கு அந்த ஆளின் பாட்டு பிடிக்காது, தொண்டையில் முள் மாட்டிக்கொண்டவன் போலக் கத்துகிறான், ஆனால் முகம் தெரியாமல் போகுமா, பலகைத் தடுப்பு முழுக்க உன் தம்பி ஒட்டிவைத்திருப்பது அதுதானே. உங்கள் ஊரில் நடந்த கச்சேரிக்கு நீ போய்விட்டு வந்துவிட்டாய் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நீ போனது தப்பு என்று நான் சொல்லவில்லை, வாசலில் வந்து பாடுகிறவனைக் கேட்காமல் யார் இருப்பார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவனிடம், நீ இல்லாம நான் அவரைப் பார்க்கவே மாட்டேன்டா என்று சொன்னாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இங்கே நடக்கப்போகிற கச்சேரிக்கு வர லீவு கிடைப்பது சந்தேகம்தான் என்று அம்மாவிடம் வேறு முணுமுணுத்திருக்கிறாய். அவனிடம் மட்டும் பார்க்கலாம்டா, பார்க்கலாம்டா. நீ இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும் அம்மா. நான் பெற்ற பெண்ணின் பார்க்கலாம் எனக்குத் தெரியாதா, சின்ன வயதில் பாத்திரம் கழுவச் சொன்னால் சொல்வாயே, அதே பார்க்கலாம்.

உனக்கு அங்கே ஆயிரம் வேலை, இங்கே அவன் இருந்த இருப்பை நீ கண்ணால் பார்க்கவில்லை. அவன் வேலை பார்த்த பேட்டரி கம்பெனியை இழுத்து மூடினதும் வந்து படுத்தவன்தான், ஜன்னல் திரையைக்கூட விலக்க விடவில்லை, அம்மா தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருவாள், பாதி நாள் அது வைத்தபடியே இருக்கும். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பாட்டுகூடக் கேட்பதை நிறுத்திவிட்டான், அந்தக் கத்தலை எப்போது நிறுத்துவான் என்று எத்தனை வருஷம் புலம்பியிருக்கிறேன், நின்றபிறகு வீடு இழவு வீடாகிவிட்டது. அப்போதுதான் நீ கூப்பிட்டு, தாடிக்காரர் நம்ம நாட்டுக்கு வர்றாராம்டா, அந்தக் கோடி ஊர்லதான் கச்சேரி, நான் அங்க பறந்து வந்துடறேன், நீ ரயில்ல வந்துடு, ரெண்டு பேரும் முதல் வரிசையில நிக்கறோம் என்று சொன்னாய். அன்று சாயங்காலம் அவன் முகச்சவரம் செய்துகொண்டு கூடத்துக்கு வந்து, அப்பா, வழியில எங்க மாறணும், நடுவுல எவ்வளவு நேரம் விடணும் என்று என்னிடம் கேட்டான். உனக்கு மனதுக்குள்ளேயே ஒரு பெரிய கும்பிடு போட்டேன். அதற்கப்புறம்தான் டயர் கடை வேலைக்குப் போனான், அங்கே எல்லாரும் அவனை ரேடியோ என்று கூப்பிடுகிறார்களாம், அவ்வளவு பாட்டு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் இதே பேச்சுதான், ரயில் தாமதமானால் என்ன செய்வது, எந்த வாசலில் நின்றால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள், அக்காவுக்குக் குளிருமா, அம்மா உனக்கென்று ஒரு சால்வைகூட எடுத்துவைத்துவிட்டாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்த்த பிறகும் சொன்னேன், என்ன செய்யச் சொல்கிறாய், வாயைத் திறந்தால் அவன் மறுபடி அந்த அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான் என்று எனக்குப் பயம். தையல்காரம்மா மகளிடம் படத்தை அவன் கண்ணில் காட்டிவிடாதே தாயே என்று கெஞ்சினேன். அவன் போனில் பார்த்துவிடுவானோ என்று பயந்து, கண்ணாடி கீறியிருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு போய் ரிப்பேர் கடையில் போட்டுவிட்டு, சாமான் வரவில்லையாம், சாமான் வரவில்லையாம் என்று இழுத்தடித்தேன். அந்த நாட்களில் நீ என் போனில்தான் அவனிடம் பேசினாய், ஞாபகம் இருக்கிறதா?

இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? அடுத்த மாதம் கச்சேரி, உன் வாயிலிருந்து வராது, என் வாயிலிருந்தும் வராது. அதனால் நான் ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தேன். டயர் கடை முதலாளியை எனக்குப் பழக்கம், டிப்போ வண்டிக்கெல்லாம் அவரிடம்தான் பஞ்சர் பார்ப்போம். அவரிடம் போய், பையன் லீவு கேட்டா குடுத்துடாதீங்க, கடையில ஆள் இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடுங்க என்று கேட்டுக்கொள்ளலாம், பயணம் முதலாளியால் கெட்டது என்று இருக்கட்டும், அக்காவால் கெட்டது என்று இருக்கவேண்டாம், அவரைத் திட்டிக்கொண்டாவது அவன் எழுந்து வேலைக்குப் போவான் என்று கணக்குப் போட்டேன். போன திங்கட்கிழமை அவன் டீ வாங்கப் போன சமயம் பார்த்து அவர் காதில் போட்டேன். அந்த மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லீவா, எந்த லீவு, அவன் எதுவும் கேக்கலையே, அந்தக் கச்சேரி வாரம் நீங்க உங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போங்க முதலாளி, கடையை நான் திறந்து நான் பூட்டிக்கறேன்னு அவனேதான் எனக்குச் சொல்லியிருக்கான் என்றார். அப்புறம் அவர் பாட்டுக்கு ஒரு குறை சொன்னார். கடை ரேடியோவில் தாடிக்காரரின் புதுப் பாட்டு வந்தால் போதும், உங்க பையன் காத்தடிக்கிற மோட்டாரைப் போட்டுடறான், காத்துத் தொட்டி ரொம்பியிருந்தாலும் போடறான், காது கிழியுது, கேட்டா, அக்காவும் நானும் புதுப் பாட்டைச் சேர்ந்துதான் கேப்போம்னு கதை சொல்றான் என்றார். கதை இல்லை என்று எனக்குத் தெரியுமே. உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ ஹாஸ்டலில் அவன் இங்கே, போனில் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கிவிட்டு, பாட்டு முடிகிறவரை ரெண்டு பேரும் மூச்சுவிடாமல் இருப்பீர்களே, எத்தனை தடவை பார்த்து, பைத்தியங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் புதுப் பாட்டுகளைக் கேட்க மட்டும் உனக்கு இன்னும் நேரம் வரவில்லை. கச்சேரியில் கேட்டுவிட்டு வந்தவளுக்கு எப்படி வரும்?

அவன் டீயோடு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கார் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், அக்கா போயிட்டு வந்தது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா என்றான். உன் சிநேகிதர்கள் படத்தைப் போட்ட ராத்திரியே பார்த்துவிட்டானாம். பின்னாடி மேடையில நீல வெளிச்சம் ஒரு பக்கமா விழுது பாருங்க, அது ஆரம்பத்துல ஒரு மெதுவான பாட்டு பாடுவார், அதுக்கு மட்டும்தான் போடுவாங்க, நல்ல இடத்துல நின்னிருக்கா, எனக்குச் சந்தோஷம்தான் என்றான். சந்தோஷம் என்று சொல்கிறான், குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது, கத்தியிருந்தால் நானும் ரெண்டு கத்திவிட்டு வந்திருப்பேன். அட பாவி, தெரிந்துகொண்டேவா எங்களை உட்காரவைத்து ரயில் மாற்றிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதுப்பா, போனை ரிப்பேர்ல போட்டப்போதான் லேசா சந்தேகம் வந்துச்சு என்று சிரித்தான். பிறகு சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான், கையெல்லாம் கரி. யாரும் அவகிட்ட சொல்லிடாதீங்கப்பா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒரு தடவை அழுது மன்னிப்புக் கேட்பா, அதோட முடிஞ்சுடும், கூப்பிடறதுக்கே கூசிப்போய் விட்டுடுவா, இந்தப் பேச்சு இருக்கறதாலதான் வாராவாரம் கூப்பிடறா, இல்லன்னா எதுக்குக் கூப்பிடப்போறா என்றான். இதற்கு முன்னால் நீ எப்போது கூப்பிட்டாய் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு நெஞ்சுவலி வந்தபோது, அதற்கு முன்னால் உன் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது. சரி, கச்சேரி நாள் வருமேடா, அப்போ என்ன செய்வே என்று கேட்டேன். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான். கடைசி வாரம் லீவு கிடைக்கலைன்னு சொல்லுவா, நான் பரவாயில்லக்கா, உடம்பைப் பாத்துக்கோன்னு சொல்லுவேன், அழுதாள்னா ஏதாவது சொல்லிச் சிரிக்கவெச்சுடுவேன் என்றான். அப்புறம் என்றேன். அப்புறம் என்னப்பா, அப்புறம் ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் முதலாளிக்கு முகத்தைக் காட்டாமல் வீடுவரை நடந்தே வந்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் ஒருத்தியாவது நிஜமாக நம்பிக்கொண்டு இருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு நீ பதறிப்போய் அவனைக் கூப்பிட்டு அழவேண்டாம், இதை எழுதினதே அவன் என்னிடம் கேட்டுக்கொண்டதற்கு விரோதம், உனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியவேண்டாம். உடனே லீவு போட்டு வந்துவிடு என்றும் எழுதமாட்டேன், எழுதினால் நீ பார்க்கலாம்ப்பா என்பாய், எனக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாதே, தாங்காது. அவன் உன்மேல் வைத்திருக்கிற ஆசையில் கால்வாசிகூட உனக்கு அவன்மேல் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் உனக்கு அங்கே புருஷன், வேலை, சிநேகிதர்கள் என்று பத்து இருக்கிறது, அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. கச்சேரி முடிந்துபோகும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும், ரயில் இல்லை, வாசல் இல்லை, சால்வை இல்லை. அன்றைக்கு நீ எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவாய் அம்மா? நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றாது என்றுதான் பயமாக இருக்கிறது. அந்த அறையின் ஜன்னல் திரையை நான் சலவைக்குப் போட்டு எடுத்துவந்தேன், திரும்ப மாட்டவில்லை, அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது எதுவும் தெரியவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் காதில்தான் ஏறும். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும், அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ரயிலைப் பற்றி அவனிடம் நீயாகக் கேள். ஏதோ புதிதாக ஒரு ரயில் விட்டிருக்கிறார்களாம், நடுவில் மாறவே வேண்டாமாம், கண்டுபிடித்து வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்லக் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா