மேட்டுத் தெருத் தண்ணீர்

ராயபுரம்
17.10.2024

அன்பு மகள் கார்குழலிக்கு,

நைனா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் நீ ரஷீது ஆட்டோவில் கொடுத்தனுப்பிய இட்லி மாவு வந்தது. இந்தத் தடவை புளிப்பு சரியாக இருந்தது. அதற்கு முந்தைய மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் கேட்காதே.

நீ வாங்கிக் கொடுத்த காது மிஷினை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் பக்கத்து வீட்டு மிக்ஸி நன்றாகக் கேட்கிறது. நீ போனில் பேசுவதுதான் கேட்கவில்லை. ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியே போன காது, இனிமேல் எங்கே வரப்போகிறது. நீ அங்கே கத்த, நான் இங்கே கத்த, தெருவே சிரிக்கிறது. இப்படி எழுதிக்கொள்வதுதான் மரியாதை. மாவுப் பையில் போட்டுவிட்டால் ரஷீது தபால்காரனைவிடச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கிறான்.

செவ்வாய்க்கிழமை மழையில் நம் தெருவில் பாதி முழங்கால் வரை தண்ணீர் நின்றது. மழைநீர் வடிகாலைக் கட்டுகிறேன் என்று தோண்டி, பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். காலையில் டில்லிபாபு வந்து கதவை இடித்தான். "மாமு, கொக்கிய எடுத்துகினு வா. தண்ணி வூட்டுக்குள்ள வந்துகினு கீது" என்றான். ஹார்பர் வேலைக் காலத்து இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் இருக்கிற பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கினேன். இந்த வயதிலும் அந்த மூடி எனக்குத்தான் அசைகிறது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. டீ குடித்து முடிப்பதற்குள் ரோடு தெரிந்துவிட்டது.

திறந்த குழியை அப்படியே விட்டுவிட்டு வருகிற ஆள் நானில்லை. எப்போதும்போல பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு, மூடுகிற வரைக்கும் காவல் உட்கார்ந்திருந்தேன். ஞானபாக்கியம் அக்கா சூடாக சுண்டல் கொடுத்தனுப்பினார்கள். "கொக்கி மாமு இல்லாங்காட்டி இந்தத் தெருவு இன்னாத்துக்கு ஆவும்" என்று எல்லோரும் சொன்னார்கள். மிஷின் இல்லாமலேயே அது எனக்குக் கேட்டது.

உங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் மழை எப்படி?

அன்புடன் நைனா,
ஜெயவேல்

*

தண்டையார்பேட்டை
20.10.2024

அன்புள்ள நைனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இந்த வாரத்தில் சிரித்தது அப்போது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் வெளியே தண்ணீர் அதிகம் இல்லை. உள்ளே வந்தது. காலையில் அரைத்து வைத்த மாவைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தேன். கக்கூஸில் குமிழி விடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போவதற்குள் கறுப்புத் தண்ணீர் கோப்பையில் பொங்கி, வழிந்து, கிரைண்டர் வைத்திருக்கும் அறைக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் என்றால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது என்ன தண்ணீர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைத்த மாவு முழுவதையும் கொட்டினேன். கிரைண்டரை நாலு தரம் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.

மாவு வாங்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டார்கள். அதற்குமேல் நான் எப்படிக் கழுவினால் என்ன, பேச்சு தெரு முழுக்கப் போய்விட்டது. எதிர் வீட்டு ஜஸீமா மட்டும் வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கும்படி வந்து வாங்கிப் போகிறாள். போன வருஷமும் இப்படித்தான் வந்தது. அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

அவர் மணலியில் ஷிஃப்ட் முடித்து வந்து, வீட்டைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். பிறகு, "மணலி புதுநகர்ல மாடி வீடு ஒண்ணு காலியா கீதாம். இன்னொரு தபா ஏறிச்சுன்னா போயிரலாம்" என்றார். அங்கே போனால் மாடியில் கடை நடத்த முடியாது, நைனா. எனக்கு இந்தக் கடை வேண்டும். இதை நானே ஆரம்பித்து நானே நடத்துகிறேன்.

ஜஸீமாவும் நானும் தெருப் பெண்களைச் சேர்த்து ஏரியா ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். மனு எழுத உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஹார்பர் சங்கத்துக்கு எழுதிய மாதிரி சூடாக ஒன்று எழுதி அனுப்பு.

உன் மகள்
குழலி

*

ராயபுரம்
22.10.2024

அன்பு மகளுக்கு,

படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷமே சொல்லியிருக்கக் கூடாதா? அப்பன் செவிடன்தான், குருடன் இல்லையே, எழுதியிருந்தால் படித்திருப்பேன்.

மனு இத்துடன் இருக்கிறது. மூன்று பக்கம். எதையும் குறைக்காதே. இரண்டாம் பக்கத்தில் நான் கோடு போட்டிருக்கும் வரிதான் முக்கியம்: "இவ்வளவு கழிவுநீர் திடீரென்று எங்கிருந்து வருகிறது, இதற்குக் காரணமானவர்கள் யார் என்பதைக் கண்டறிந்து, தயவு தாட்சண்யம் பாராமல் நடவடிக்கை எடுக்க வேண்டும்." இதைப் படித்தால் எந்த ஆபீசருக்கும் நாற்காலியில் உட்காரத் தோன்றாது.

கையெழுத்து வாங்கும்போது ஆண்களிடமும் வாங்கு. ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். அடுத்த மழைக்கு முன்னால் மணல் மூட்டையைக் கக்கூஸ் கோப்பையில் திணித்து வை.

மாப்பிள்ளையிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல். என் மகள் கடையை எவனோ செய்கிற தப்புக்கு மூட முடியாது.

நைனா

*

தண்டையார்பேட்டை
10.11.2024

அன்புள்ள நைனாவுக்கு,

உன் மனு வேலை செய்தது. ஏரியா இன்ஜினியர் அம்மா ஆட்களோடு வந்தார்கள். குழாய்க்குள் கேமரா விட்டார்கள், தூர் வாரினார்கள், பம்பிங் ஸ்டேஷனில் பழைய மோட்டார் ஒன்றை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். எங்களை உட்காரவைத்து விளக்கமும் சொன்னார்கள். அதை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் யோசித்தேன்.

இந்தக் குழாய் வீட்டுக் கழிவுக்காக மட்டும் போட்டதாம். மழைத் தண்ணீர் போக வேண்டியது வேறு வடிகாலில். மழை பெய்யும்போது மேட்டுப் பக்கத்துத் தெருக்களில் சாக்கடை மூடியைத் திறந்து ரோட்டுத் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள். அத்தனையையும் பம்பு இழுக்க முடியாது. குழாய் நிரம்பி, தாழ்வாக இருக்கிற எங்கள் வீடுகளில் பொங்குகிறது. எந்தெந்தத் தெரு என்று ஜஸீமா கேட்டாள். அவர்கள் சொன்ன பெயர்களில் ராயபுரத்தில் நம் தெருப் பெயரும் இருந்தது.

நைனா, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நீ மூடியைத் திறந்தாய். அதே காலையில்தான் என் வீட்டில் பொங்கியது. நீ கோடு போட்ட வரியில் கேட்ட ஆள் நீதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமல் நடந்தது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பிறகு மேட்டுத் தெருக்களில் எல்லா மூடிக்கும் போல்ட் அடிக்கப் போகிறார்களாம். அதுவரை இந்த மழைக் காலம் மட்டும் திறக்காதே. இன்னொரு தடவை ஏறினால் அவர் நிற்கமாட்டார், அவரைத் தடுக்க எனக்கும் வாய் இருக்காது.

குழலி

*

ராயபுரம்
12.11.2024

கார்குழலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

இந்தத் தெருவில் உன் அம்மா இருந்த காலத்திலிருந்து நான் மூடி திறக்கிறேன். ஒருத்தனும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன் பள்ளிக்கூடப் பை நனையாமல் இருந்ததும் அந்தக் கொக்கியால்தான். திறக்காவிட்டால் இங்கே நிற்கிற தண்ணீரை நான் வாளியில் மொண்டு கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகவா? வடிகாலைப் பாதியில் விட்டவனை உன் இன்ஜினியர் அம்மா கேட்டார்களா?

நீ மட்டும் என்ன? தினமும் கிரைண்டர் கழுவுகிற தண்ணீரை எதில் விடுகிறாய்? மாவு குழாயில் போய் உறைந்தால் அடைக்காதா? அதைக் கேமராவில் பார்க்கவில்லையா?

மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு இப்போது இட்லி ஒத்துக்கொள்ளவில்லை.

ஜெயவேல்

*

தண்டையார்பேட்டை
28.11.2024

அன்புள்ள நைனாவுக்கு,

திருப்பி அனுப்பிய பாக்கெட்டைப் பார்த்து அழுதேன். பிறகு நீ சொன்னதைப் பற்றி யோசித்தேன். சொன்னது சரிதான். குழாயின் வாயில் மாவு வெள்ளையாகப் படிந்திருந்ததை, கேமரா விட்ட அன்று நானும் பார்த்தேன். என்னைக் கேட்பார்களோ என்று ஜஸீமாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். இப்போது கழுவுகிற தண்ணீரை ஒரு டிரம்மில் தேக்கி, தெளிந்த பிறகு வடிகட்டித்தான் விடுகிறேன். அடியில் தங்குகிற மாவை ரஷீது தன் அண்ணன் வீட்டு மாடுகளுக்கு எடுத்துப்போகிறான்.

அதற்கப்புறம் இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தேன், நீ பதில் போடவில்லை. "நைனா வாங்கிச் சட்டப்பையில போட்டுகிச்சு" என்கிறான் ரஷீது.

சனிக்கிழமை புயல் கரையைக் கடக்கும் என்கிறார்கள். கிரைண்டர்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டோம். நான் இனிமேல் கேட்கமாட்டேன், நைனா. உன் தெரு உனக்குப் பெரிது, எனக்குத் தெரியும். மருந்தைத் தவறாமல் சாப்பிடு.

குழலி

*

ராயபுரம்
3.12.2024

அன்பு மகள் குழலிக்கு,

தெருவில் இன்னும் தண்ணீர் முழுதாக வடியவில்லை. கட்டில்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

சனிக்கிழமை மழை பிடித்ததும் டில்லிபாபு வந்தான். நான் கொக்கியையும் நாற்காலியையும் குடையையும் எடுத்துக்கொண்டு அவனோடு போனேன். எல்லோரும் வழிவிட்டார்கள். நான் நாற்காலியை மூடிக்குப் பக்கத்தில் போடவில்லை. மூடிமேலேயே போட்டு உட்கார்ந்து, கொக்கியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா மாமு, அதும்மேல குந்திகினு கீற? எந்திரி" என்றான். இதைத் திறந்தால் என் மகள் வீட்டில் சாக்கடை ஏறுகிறது, திறக்கமாட்டேன் என்றேன். "உன் பொண்ணுக்கோசரம் நாங்கோ முழுவணுமா?" என்றான். நான் கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு நாலைந்து பேர் வந்து ஒரே சமயத்தில் கத்தினார்கள். நான் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கிழவனை நாற்காலியோடு தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. சுண்டலும் வரவில்லை.

தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. உன் அம்மா பீரோவின் கீழ்த்தட்டு நனைந்தது. டில்லிபாபு மகளின் தையல் மிஷின் மோட்டார் போய்விட்டது. அதுதான் எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அது தொழில். டில்லிபாபு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தெருவில் யாரும் மாமு என்று கூப்பிடவில்லை.

இன்ஜினியர் அம்மா சொன்னதற்காக நான் உட்காரவில்லை. தெருவுக்கு நல்லது என்றும் உட்காரவில்லை, நல்லது நடக்கவில்லை என்பதை நானே பார்த்துவிட்டேன். நீ கேட்டாய், அதனால் உட்கார்ந்தேன். இனிமேல் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூடிமேல் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் அடுத்த மனுவை மனசுக்குள் எழுதிவிட்டேன். எங்கள் தெரு வடிகாலை முடித்துத் தரச் சொல்லி. மேட்டுத் தண்ணீருக்கு வழி இருந்தால் யாரும் மூடியைத் தொடப்போவதில்லை. இங்கே இப்போதைக்கு என் பேச்சுக்கு ஒருத்தனும் கையெழுத்துப் போடமாட்டான். உங்கள் தெருப் பெண்கள் போடுவார்களா என்று ஜஸீமாவைக் கேள்.

வேறு தெருக்களில் திறந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உன் வீட்டில் ஏறியதா? ஏறியிருந்தாலும் மறைக்காமல் எழுது.

நைனா

*

தண்டையார்பேட்டை
4.12.2024

நைனாவுக்கு,

ரஷீது வாசலில் நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை குமிழி விட்டது. கோப்பையின் விளிம்பு வரை வந்து நின்றது. நானும் அவரும் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டே நின்றோம். ஏறவில்லை. உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, தையல் மிஷினுக்கு மோட்டார் பார்க்க மூலக்கொத்தளம் போயிருக்கிறார். டில்லிபாபு அண்ணனிடம் அவரே வந்து பேசுவாராம். மணலி வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மனுவை அனுப்பு. ஜஸீமா இப்போதே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மாவு இரண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை நீயே கொண்டுபோய் டில்லிபாபு அண்ணன் வீட்டில் கொடு. வாங்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வா.

ஞாயிற்றுக்கிழமை வீடு கழுவ வருகிறேன். பினாயிலும் துடைப்பமும் நான் கொண்டுவருவேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். மிஷினை மட்டும் மாட்டிக்கொள், உன்னிடம் நிறையப் பேச வேண்டும்.

உன் மகள்
குழலி