எதிர்க்கரை தெரியும் தூரம்

மவுஸின் சக்கரத்தில் இன்னும் கிரீஸ் ஒட்டியிருக்கிறது, அப்பா. அந்தச் சின்ன ரப்பர் சக்கரத்தின் இடுக்குகளில் கறுப்பாக, மெல்லிய கோடுகளாக. இன்று காலை துடைத்துவிடலாம் என்று பஞ்சுக் குச்சியை எடுத்தேன். குனிந்தபோது உன் தண்ணீர் வண்டியின் வால்வு வாசனை வந்தது. டீசலும் ஈர இரும்பும் சேர்ந்த வாசனை. குச்சியைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன்.

கையைக் கழுவிவிட்டு மவுஸைத் தொடச் சொல்லி எத்தனை முறை உன்னோடு சண்டை போட்டிருப்பேன். "கழுவிட்டேம்மா, இது தோலோட கலரு" என்பாய்.

இன்று மவுஸைத் துடைக்க எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அது வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் எனக்குப் பாதியில் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பின் நடுவில் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோதும் அப்படித்தான் பாதியில் நின்றது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியில் வார்த்தை நின்றுவிடும். பின்பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். அப்புறம் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பி வர ஆரம்பித்தேன். அம்மா அழுதாள். நீ வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "போவ முடியலன்னா வுடு. ஆனா மூலைல குந்திகினு இருக்காத" என்றாய்.

அந்த வாரமே கம்ப்யூட்டர் வந்தது. மேடவாக்கத்தில் நீ தண்ணீர் இறக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போயிற்று. தூக்கிப்போட இருந்ததைக் கேட்டு வாங்கி, வண்டியின் முன்சீட்டில் வைத்து, உன் வேட்டியால் கட்டிக் கொண்டுவந்தாய். தையல் கம்பெனியில் இருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா, "இவளுக்கே பேச்சு வரல. மெஷினுக்கு முன்னாடி ஒக்கார வச்சா வந்துருமா?" என்றாள்.

"மெஷின் கேள்வி கேக்காதுல்ல" என்றாய்.

அதில் நான் விளையாடிய விளையாட்டை நீ முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண், மரம், மலை எல்லாம் சதுரக் கட்டிகளால் ஆன ஓர் உலகம். ஜெயிப்பதும் தோற்பதும் அதில் இல்லை. வெட்டலாம், அடுக்கலாம், வேண்டியதைக் கட்டலாம். "இன்னா பாப்பா, எல்லாம் செங்கல் செங்கல்லா கீது? மேஸ்திரி வேலையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகப் பார்த்தாய். அப்போது நான் ஒரு சின்னக் குழி வெட்டி, அதன் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். அந்த உலகத்தில் அப்படிச் செய்தால் அந்தக் குழி வற்றாது. எத்தனை வாளி மொண்டாலும் மறுபடி நிரம்பிவிடும்.

நீ திரும்ப உட்கார்ந்தாய். "இன்னொரு தபா மொண்டு காட்டு."

காட்டினேன்.

"இந்தக் குழி மட்டும் மேடவாக்கத்துல இருந்துச்சின்னு வையி, எங்க ஓனரு வண்டிய வித்துட்டு ஓடியே பூட்டிருப்பான்."

அன்றிலிருந்து நீ ஏரி வெட்டத் தொடங்கினாய். டிரிப் முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், ஒற்றை விரலால் விசையை அழுத்தி ஏரிக்குள் நடப்பாய். "நாளு பூரா தண்ணி வண்டி, வூட்டுக்கு வந்தாலும் தண்ணியா? குழாய்ல வருதான்னு மட்டும் யாரும் பாக்காதீங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். நீ திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் தலையாட்டுவாய்.

ஏரி வளர வளரக் கம்ப்யூட்டர் திணறியது. ஒரு நொடியில் எத்தனை படம் வரைகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. உன் ஏரிக்கரையில் அது ஒன்பது. "செகண்ட் கியர்லயே போவுது பாப்பா" என்றாய். நான் அதைச் சரிசெய்ய வழி தேடினேன். விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு, மோட் என்பார்கள். சிலர் அழகுக்காகச் செய்வார்கள், சிலர் வேகத்துக்காக. வேகத்துக்காகச் செய்யும் ஒருவர், எங்கோ வெளிநாட்டில் இருப்பவர், தன்னிடம் நல்ல கம்ப்யூட்டர்களாகவே இருப்பதால் பழைய கம்ப்யூட்டரில் சோதித்துச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"பழசுதானே? நம்மளாண்ட கீதே" என்றாய். அவ்வளவு பெருமையாக நம் வீட்டில் வேறு எதையும் நீ சொன்னதில்லை.

அந்த வேலைக்குப் பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும். அதனால் சேர்ந்தேன். புதிய மோட் எதையும் நம் உலகத்தில் நேராகப் போடக் கூடாது. முதலில் காலியான ஒரு சோதனை உலகத்தில் போட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மோட்தான். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசையைப் பார்த்து, அந்த உலகத்தில் மழை இல்லாத நண்பகலில் நின்று, எண் நிலைக்கும்வரை எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். நீ பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் நம் கூரைக்கு மேல் உறுமிக்கொண்டு போனால், அதனால் எண் மாறுமா என்று கையசைத்துக் கேட்பாய். மாறாது என்று நானும் கையசைத்தே சொல்வேன். பிறகு நீ கேட்பது ஒரே கேள்வி.

"எவ்ளோ ஏறுச்சி?"

தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கேட்கிற அதே குரல்.

சோதனை உலகத்தில் எல்லா மோடிலும் எண் நன்றாக ஏறியது. உன் ஏரிக்குப் போனால் மறுபடி விழுந்தது. எந்த மோடும் சரியில்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். மோட் செய்யும் அந்த வெளிநாட்டுக்காரர், நான் நிற்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். படமெடுக்க ஏரிக்குள் இறங்கிக் கரையைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கரை முழுக்க அருவிகள். ஏரிக்குள் இறங்கி மட்டத்தில் ஊற்றுவதற்குப் பதிலாக, நீ கரைமேல் நின்று ஒவ்வொரு வாளியையும் உச்சியிலிருந்து ஊற்றியிருந்தாய். அந்த உலகத்தில் அப்படி ஊற்றிய வாளி நிற்கவே நிற்காது, வழிந்துகொண்டே இருக்கும். அத்தனை அருவியையும் ஓயாமல் வரைந்துதான் கம்ப்யூட்டர் திணறியிருக்கிறது.

"ஏம்ப்பா மேலேருந்து ஊத்துன?"

"வேற எப்டி ஊத்துவாங்க? சம்ப்பு தொட்டிக்குள்ள எறங்கியா ஊத்துறோம்? ஓஸ் பைப்ப மேல புடிச்சி வுடுறதுதான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உனக்கும்தான். அவற்றை எல்லாம் மூடிவிடுகிறேன், எண் ஏறிவிடும் என்றேன். நீ கொஞ்ச நேரம் அருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வுடு பாப்பா. காலைலேர்ந்து நான் ஊத்துற தண்ணி அத்தனையும் மூடி போட்ட தொட்டிக்குள்ள பூடுது. இதுதான் கண்ணால பாக்குறேன்."

அருவிகள் இருக்கும், அவற்றைத் தாங்கும் மோட்தான் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இதைவிடக் கடினமான இடம் கிடைக்காது என்று ஏரியின் பிரதியைக் கேட்டு வாங்கி, தன் சோதனைகளை அதிலேயே செய்யத் தொடங்கினார். உடனே உன் கூட்டாளிக்கு ஃபோன் போட்டாய். "மச்சான், நம்ம ஏரிய ஃபாரின்காரன் கேட்டு வாங்கினு பூட்டான்டா. இல்லடா, பட்டா கிட்டா ஒண்ணும் இல்ல. சும்மாதான் குட்த்தேன்."

எண் மெல்ல மெல்ல இருபதைத் தாண்டியது. அப்போதுதான் நீ அந்த விளக்கைக் கேட்டாய். எதிர்க்கரையில் உயரமாக ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் விளக்கு வைக்கச் சொன்னாய். வைத்தேன். இந்தக் கரைக்கு வந்து திரும்பினால் விளக்கு இல்லை. பழைய கம்ப்யூட்டர் கொஞ்ச தூரம்தான் வரையும். அதற்கப்பால் எல்லாம் வெள்ளைப் பனி.

"இங்க நின்னா அந்த லைட்டு தெரியணும்" என்றாய்.

"தூரத்தக் கூட்டுனா மெஷின் தாங்காதுப்பா."

"தாங்குற மாதிரி ஒண்ணு வரும்ல?"

"வரும்."

"வந்தா சொல்லு."

பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்டாய். எனக்கு அது புரியவில்லை. கரையைச் சுற்றி நடந்தால் விளக்கை அடைந்துவிடலாம். எதற்கு இங்கிருந்தே தெரிய வேண்டும்?

கோடையில் டிரிப் இரட்டிப்பானது. நீ வீட்டில் இருக்கும் நேரம் குறைந்தது. அந்த மதியம் வேளச்சேரி சாலையில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தாய். நெஞ்சுவலி என்றார்கள். அந்த நிலையிலும் வண்டியை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

அதன்பின் நம் உலகத்தை நான் திறக்கவில்லை. மோட் சோதனையை மட்டும் விடவில்லை. காலி உலகங்களில் நின்று எண்களைப் பார்த்து எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று வந்தது நீ கேட்ட மோட். தொலைவில் இருப்பவற்றை நுணுக்கமில்லாமல், வெறும் உருவமாக வரைந்து காட்டும். அதனால் பழைய கம்ப்யூட்டருக்கும் பாரமில்லை. ஒரே ஒரு குறை: யாராவது ஒருமுறையாவது போன இடங்களை மட்டும்தான் காட்டும். அந்த விளையாட்டில் ஆள் போகாத நிலம் இன்னும் உருவாகியே இருக்காது.

சோதனை உலகத்தில் போட்டுப் பார்த்தேன். எண் விழாமல் நின்றது. ஆனாலும் நம் உலகத்தில் போடக் கை வரவில்லை. ஏதாவது ஆகிவிட்டால், நீ ஊற்றிய ஒரு வாளியைக்கூட என்னால் திரும்ப ஊற்ற முடியாது. இன்று காலை அதைப் பிரதி எடுத்தேன். பிரதி சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். பிறகுதான் மவுஸைத் துடைக்க எடுத்தேன், கிரீஸைப் பார்த்தேன். அப்புறம் பிரதியைத் திறந்தேன்.

முதலில் அருவிச் சத்தம் வந்தது. நீ கடைசியாக விட்டுப்போன இடத்தில், கரையின் மேல் நின்றிருந்தேன். பனி ஒரு முழம் ஒரு முழமாகப் பின்வாங்கியது. தண்ணீர் நீண்டுகொண்டே போனது. எதிர்க்கரை வந்தது. கோபுரம் வந்தது. அதன் உச்சியில் மஞ்சளாக ஒரு புள்ளி.

தெரிகிறது, அப்பா. இங்கே நின்றால் தெரிகிறது.

ஆனால் பனி அதோடு நிற்கவில்லை. கோபுரத்துக்குப் பின்னால் ஒடுக்கமான ஒரு துண்டு நிலம் தெரிந்தது. அது மலைவரை போய், வளைந்து, தன்னையே குறுக்காக வெட்டிக்கொண்டு, ஓர் ஆற்றோரமாகத் தடுமாறி, எங்கெங்கோ சுற்றி மறுபடி ஏரிக்கே வந்து சேர்ந்தது. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. இந்த உலகத்துக்குள் வந்தது நாம் இரண்டு பேர்தான்.

அம்மாவுக்கு இன்று விடுமுறை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். திரையை உற்றுப் பார்த்தாள்.

"இதுதான் தொலஞ்சிபோன எடமா?" என்றாள்.

"யாரு தொலஞ்சது?"

"உங்கப்பாதான். நீ சாயங்காலம் தையல் கிளாசுக்குப் போவியே, அப்போ வந்து குந்துவாரு. ஒரு நாளு ஏரியக் காணோம்னு மூஞ்சி செத்துப்போயி கீறாரு. தாம்பரத்துல எந்த சந்துல வுட்டாலும் வூடு வந்து சேருவேன், இதுல வழி தெர்லயேங்கறாரு. சோறு எறங்கல அந்த மனுசனுக்கு. அப்பறம் தெனம் வந்து தேடி, ஒரு வழியா கண்டுபுட்ச்சாரு." அம்மா கத்தியைப் பார்த்தபடி சொன்னாள். "பாப்பாண்ட சொல்லாத, சிரிப்பான்னாரு."

எனக்கு இப்போதுதான் புரிந்தது. இங்கிருந்து தெரிந்தால், அதே தூரத்தில் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரியும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். இனி எவ்வளவு தூரம் போனாலும் விளக்கைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறாய். வழி தெரியாமல் நின்றதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாய். எனக்கு மட்டும்தான் அப்படி வெட்கம் வரும் என்று நினைத்திருந்தேன்.

அருவிகளை மூட வேண்டாம், தாங்குகிற ஒன்றைத் தேடு என்றாய். என்னைப் பேசு பேசு என்று சொல்லாமல் ஒரு மெஷினை வேட்டியால் கட்டித் தூக்கி வந்ததும் அதே மனசால்தான். புதிய ஒன்றைச் சோதிக்கும்போதெல்லாம் அந்த நினைவோடுதான் நிற்கிறேன்.

அம்மா இன்னும் நகரவில்லை. மூலையில் இருந்த எண்ணைக் காட்டினாள். "எவ்ளோ ஏறுச்சி?"

"இருபத்தெட்டும்மா. இன்னும் நிக்கல."

"அவரு சுத்துன வழி அப்டியே கீதுல்ல? அதுல நடந்து போவ முடியுமா?"

எண் நிலைக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, மவுஸை அவள் கையில் கொடுத்தேன்.